புண்ணாக்கில் தொடங்கும் பால்

திருச்சிராப்பள்ளி மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், காலை மாலை இரு வேளையும் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நிற்கும் உறுப்பினர்களுக்கும் இந்த மடல்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 1,103 ஊர்களிலிருந்து 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அறிக்கை 2019 அக்டோபரில் வெளிவந்தது. பாலில் யூரியா, சோப்புத்தூள் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்த பயத்தை அந்த அறிக்கை பெருமளவு போக்கியது. உடலுக்குக் கேடு செய்யும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் யாரும் கலக்காத ஒரு நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டி நின்றது. அதன் பெயர் அஃப்ளடாக்சின் எம்1. மாநிலங்களில் அதிக எண்ணிக்கை தமிழ்நாட்டில்: 551 மாதிரிகளில் 88. டெல்லியில் 262-க்கு 38, கேரளத்தில் 187-க்கு 37. விகிதம் பார்த்தால் கேரளம் நம்மை முந்துகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் நம் 88 குறைந்துவிடாது.

பாலில் அந்த நஞ்சை அளந்து பார்த்த முதல் நாடளாவிய ஆய்வு அது. தீவனத்தின் வழியாகத்தான் அது பாலுக்கு வருகிறது என்றும் ஆணையமே சொன்னது. செய்தித்தாள்களில் சில நாள் பேச்சு நடந்தது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, பிறகு பேச்சு அடங்கியது. சங்கக் கட்டடத்து மேசையில் மட்டும் எதுவும் மாறவில்லை. கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். என்ற கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு, டிகிரி எவ்வளவு என்பதைத்தான் இன்றைக்கும் அங்கே பார்க்கிறார்கள். இந்த மடல் அந்த மேசையைப் பற்றியது.

நஞ்சு மடியில் பிறப்பதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூசணம் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மூன்றிலும் பிடிக்கும். ஈரமும் 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் சேர்ந்தால் அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சைச் சுரக்கும். அந்தத் தீவனத்தைத் தின்ற மாட்டின் கல்லீரல், பி1-இல் ஒரு பங்கை எம்1 ஆக மாற்றுகிறது. ஒரு நாளுக்குள் அது பாலில் வந்துவிடுகிறது. தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பாலுக்கு வரும் என்பது பொதுக் கணக்கு. நிறையக் கறக்கும் கலப்பின மாடுகளில் நூற்றுக்கு ஆறு வரைகூடப் போகும். ‘மாடு நல்லாத்தானே தின்னுது, நல்லாத்தானே கறக்குது’ என்பது இங்கே சான்றாகாது. மாடு படுக்காமலே பால் நஞ்சைச் சுமக்கும். காய்ச்சினாலும் அது போகாது, பாஸ்டரைஸ் செய்தாலும் போகாது. பனீராக்கினால் பால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் செறிவாகும்.

கடலை எந்த வழியாக மாட்டுத் தொட்டிக்கு வருகிறது என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணப்பாறைப் பக்கமும் துறையூர்ப் பக்கமும் மானாவாரியில் கடலை போடுபவர்கள், காய் முற்றுகிற நேரத்தில் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று அறிவார்கள். வாடிய செடியின் காய்க்குள் பூசணம் மண்ணிலிருந்தே ஏறிவிடுகிறது. பறித்த கொடியை ஈரத்தோடு அம்பாரம் போட்டால் அது பெருகும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காய்மேல் தண்ணீர் தெளிப்பது பல இடங்களில் இன்னும் உள்ள பழக்கம். அதைவிடப் பெரிய உதவியைப் பூசணத்துக்கு யாரும் செய்ய முடியாது. பிறகு பருப்பைப் பொறுக்குகிறார்கள். திரட்சியானது வறுகடலைக்கும் மிட்டாய்க்கும் போகிறது. சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை எல்லாம் ஆலைக்கும் செக்குக்கும். கடலையில் உள்ள நஞ்சில் பெரும்பகுதி அந்தச் சொத்தையில்தான் இருக்கும். ஆட்டும்போது எண்ணெயோடு கொஞ்சம் போகும், மிச்சமெல்லாம் புண்ணாக்கில் தங்கிவிடும். குழந்தை வாயில் விழக்கூடாது என்று ஒதுக்கியது, மாட்டைச் சுற்றிக்கொண்டு அதே குழந்தையின் தம்ளருக்கே வருகிறது.

மக்காச்சோளத்தின் கதையும் இதுவே. 1995 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த பெரம்பலூர், இன்று தமிழ்நாட்டின் முதன்மையான மக்காச்சோள வட்டாரங்களில் ஒன்று. அறுவடை முடிந்ததும் தார்ச்சாலை ஓரத்தில் சோளம் காய்வதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பேருந்தில் போக முடியாது. வடகிழக்குப் பருவமழையின் வால் ஒரு இரவு திரும்பி அடித்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவில் 200 மைக்ரோகிராம் பி1 ஏறிய புண்ணாக்கை ஒரு மாடு நாளொன்றுக்கு 2 கிலோ தின்கிறது என்று வையுங்கள். உள்ளே போவது 400 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 8 மைக்ரோகிராம், அது கறக்கும் 10 லிட்டர் பாலில் வருகிறது. லிட்டருக்கு 0.8. இந்தியாவில் பாலுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்போ அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அந்தத் தரத்தில் நிற்கும் தீவனத்தை 5 கிலோ போட்டாலும் இதே கணக்கில் பால் 0.2-க்குள் அடங்கிவிடும். பால் நன்றாக இருப்பதும் கெடுவதும் சாக்கு மூட்டையிலேயே முடிவாகிவிடுகிறது.

எம்1, தன் தாய் நஞ்சான பி1-ஐவிடப் பத்தில் ஒரு பங்கு வீரியம் உடையது என்பது உலக நிபுணர் குழுவின் மதிப்பீடு. அதில் ஆறுதல் கொள்வதற்கு முன் பி1 எத்தகையது என்று பார்க்க வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இந்த நஞ்சை உலகம் கண்டுகொண்டதே அப்படித்தான். 1974 அக்டோபரில் குஜராத்தின் பஞ்ச்மகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது, வயிறு வீங்கியது. வீட்டுச் சோற்றில் பங்கு தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பதிவு செய்த கணக்கில் நோயுற்றவர்கள் 397 பேர், இறந்தவர்கள் 106 பேர். அது குறுகிய காலத்தில் உள்ளே போன பெரிய அளவு. சிறிய அளவில் பல ஆண்டு போனால் ஈரல் புற்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளடாக்சின்களை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பாலை அதிகம் குடிப்பவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால், வரம்பை மீறிய பாலை ‘கொஞ்சம்தானே’ என்று விட மனம் வராது.

இந்த நஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? 10,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் நூறு வரிசையாக நிற்கட்டும். அத்தனை பாலிலும் சேர்த்து மொத்தம் அரை கிராம் இருந்தால் அதுதான் சட்ட வரம்பு. மணம் இல்லை, நிறம் இல்லை, லாக்டோமீட்டர் காட்டாது, கொழுப்பு அளக்கும் இயந்திரமும் காட்டாது. நம்பகமான வழி ஹெச்.பி.எல்.சி. என்ற ஆய்வகக் கருவி. இயந்திரம் பல லட்சம் ரூபாய், இயக்கப் படித்தவர் வேண்டும், மாதிரியைத் தூய்மைப்படுத்தத் தனிச் செலவு. மாதிரி போய் முடிவு வருவதற்குள் அந்தப் பால் ஸ்ரீரங்கத்து வீதிகளில் காபியாகி, மத்தியானம் மோராகி முடிந்திருக்கும்.

பயோசென்சர் எனப்படும் உயிர் உணரிக்கு வேலை இங்கேதான்.

கருத்து புதிதல்ல. 1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் ஒரு மின்முனைமேல் நொதியைப் படியவைத்துச் சர்க்கரையை அளக்க வழி காட்டினார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை அளக்கும் கருவி அந்த வம்சம். எந்த உயிர் உணரியிலும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, தேடும் பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் உயிர்ப்பொருள்: எதிரணு (ஆன்டிபாடி), நொதி, அல்லது ஒரு டி.என்.ஏ. இழை. மற்றொன்று, பிடித்த சேதியை மின்சாரமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ மாற்றிச் சொல்லும் பாகம்.

பால் பரிசோதனையில் இதன் எளிய வடிவம் பட்டை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலவே இருக்கும். ஆனால் படிக்க வேண்டிய முறை நேர்மாறு. சங்கத்தில் இதைக் கையாளப் போகிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதைத்தான். எம்1 மூலக்கூறு மிகச் சிறியது, அதை ஒரே நேரத்தில் இரண்டு எதிரணுக்கள் இரு பக்கமும் பிடிக்க இடமில்லை. அதனால் போட்டி முறையில் வேலை நடக்கிறது. பட்டையில் ஏற்கெனவே பூசிய நஞ்சுக்கும் பாலில் வரும் நஞ்சுக்கும் இடையே, நிறம் ஏற்றிய எதிரணுவைப் பிடிப்பதில் போட்டி. பாலில் நஞ்சு இல்லையென்றால் எதிரணு முழுதும் பட்டையில் ஒட்டிக் கோடு பளிச்சென்று தெரியும். பாலில் நஞ்சு ஏற ஏறக் கோடு மங்கும். கோடு தெரிந்தால் நல்ல பால், மறைந்தால் கெட்ட பால். கால் மணி நேரத்துக்குள் சேதி தெரிந்துவிடும். இத்தகைய பட்டைகள் உலகச் சந்தையில் பல ஆண்டுகளாகவே விற்பனையில் உள்ளன, பெரிய பால் பண்ணைகள் பயன்படுத்துகின்றன.

இந்தியாவிலும் வேலை நடக்காமல் இல்லை. பிட்ஸ் பிலானியின் கோவா வளாகத்தில் சுனில் பாண்ட் குழுவினர் ஒரு வெள்ளிக் கம்பியின்மேல் எதிரணுவைப் பதித்து, பாலில் எம்1 ஒட்டும்போது மின் தடையில் ஏற்படும் மாற்றத்தை அளந்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வு, சட்ட வரம்பைவிட மிகமிகக் குறைந்த அளவையும் காட்டியது. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழி கண்டது. ஒரு பாக்டீரியாவின் உறங்கும் வித்துகள் பாலில் விழித்து முளைத்தால் நிறம் வரும், நஞ்சு இருந்தால் முளைப்பு தடைபட்டு நிறம் வராது. கடலைக்கு, ஹைதராபாத் அருகே பதான்செருவில் இக்ரிசாட் 2016-இல் ஒரு பட்டைக் கருவியை அறிவித்தது: 15 நிமிடத்துக்குள் முடிவு, ஒரு சோதனைக்கு 2 டாலருக்கும் குறைவான செலவு, கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரை கண்டறியும் திறன்.

பிறகு ஏன் சங்க மேசைக்கு எதுவும் வரவில்லை? ஆய்வுக்கூடங்களில் போட்டி, யார் இன்னும் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் நடக்கிறது. சங்கத்துக்கு வேண்டியது அதுவல்ல. 0.5 என்ற ஒரே எல்லையில் நம்பிக்கையாக ‘உண்டு’, ‘இல்லை’ சொன்னால் போதும். கொழுப்பு நிறைந்த பச்சைப் பாலில் சொல்ல வேண்டும். மே மாதத்துத் திருச்சி வெயிலில், மின்சாரம் போய்ப் போய் வரும் அறையில் இரண்டு மாதம் கிடந்த பட்டையும் சொல்ல வேண்டும். எதிரணு வெப்பத்துக்கு வாடும் புரதம், பெரும்பாலும் குளிர்ப்பெட்டியைக் கேட்கும். எதிரணுவின் இடத்தில் வைக்கக்கூடிய ஆப்டமர் என்ற டி.என்.ஏ. இழைகள் 1990-களில் அறிமுகமானவை. வெப்பத்தைப் புரதத்தைவிட நன்றாகத் தாங்கும், விலங்குகளின் துணையின்றி வேதியியல் முறையில் செய்துகொள்ளலாம். ஓக்ராடாக்சின் என்ற வேறொரு பூசண நஞ்சைப் பிடிக்கும் ஆப்டமர் 2008-இலேயே வெளியாகிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு அந்த வழிதான் ஏற்றது என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் தொலைவில் இல்லை. ஸ்ரீரங்கம் என்றதும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீரங்கம் வட்டம் தெற்கே திண்டுக்கல் சாலை வரை நீள்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், அதையும் தாண்டித் தஞ்சையில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப மையம். அதே தஞ்சையில் இன்று நிஃப்டெம் என்று அழைக்கப்படும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். இதன் பிறப்பைச் சற்று நினைவுகூர வேண்டும். 1967-இல் அறுவடை நேரத்தில் டெல்டாவில் மழை கொட்டி, நனைந்த நெல் முளைத்தும் பூசணம் பூத்தும் வீணாகும் நிலை வந்தபோது, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியன் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். ஈர நெல்லைக் காப்பாற்றச் சாதாரண உப்பைப் பயன்படுத்தும் முறை அங்கே உருவானது. விவசாயியின் களத்துமேட்டு இடரைக் கேட்டுப் பிறந்த நிறுவனம் அது. பால் சங்கத்தின் கேள்வியையும் அது கேட்கும், யாராவது கொண்டுபோய்க் கேட்டால்.

கேட்க வேண்டியவர்கள் நீங்கள். தனி ஒருவர் கேட்டால் காதில் விழாது, சங்கங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால் விழும். கேட்கும்போது பச்சைப் பால் கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், கருவி அந்தப் பாலில் தேறட்டும்.

கடலையில் நஞ்சைத் தேடுவதைவிடப் பாலில் தேடுவது எளிது என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டைக்குள் ஒரே ஒரு கெட்ட பருப்பில் அளவுக்கு மீறிய நஞ்சு இருக்கலாம், பக்கத்துப் பருப்பில் ஒன்றுமே இருக்காது. ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்து மூட்டைக்கே சான்று கொடுக்க முடியாது. பால் அப்படியல்ல, கலந்துவிடும். குளிர்விப்பு மையத்தின் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு கரண்டி, அன்று அதில் ஊற்றிய எல்லா மாடுகளுக்கும் சேர்த்துப் பேசும். ஆகவே வாளிக்கு ஒரு பட்டை வேண்டாம், தொட்டிக்கு ஒன்று போதும். செலவும் தாங்கும். தொட்டியில் கோடு மங்கினால் அதில் பால் சேர்க்கும் சங்கங்களின் மாதிரிகளைத் தனித்தனியே பார்ப்பது, அதிலும் மங்கிய சங்கத்தில் உறுப்பினர்கள் எந்தக் கடைப் புண்ணாக்கு, எந்த லோடு சோளம் வாங்கினார்கள் என்று விசாரிப்பது. ஒரே கடையின் ஒரே லோடு பல வீட்டு மாட்டுத் தொட்டிகளில் இருப்பது கிராமத்தில் சாதாரணம். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் வேரைப் பிடித்தாயிற்று. உறுதி செய்ய ஆய்வகம் இருக்கிறது.

இதில் ஒரு பயம் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. கோடு மங்கியது என்று ஒருவரின் பாலைத் திருப்பி அனுப்பினால் மறுநாள் அவர் எதையும் சோதிக்காத வேறு வண்டிக்கு ஊற்றுவார். நஞ்சு குறையாது, சங்கத்துக்கு உறுப்பினர் குறைவார். இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண், பூசணம் பிடித்த புண்ணாக்கைப் பணம் கொடுத்து வாங்கியவள். அவள் ஏமாற்றியவள் அல்ல, ஏமாற்றப்பட்டவள். தண்டனை அவள் பால் விலையில் விழுமானால் இந்தச் சோதனையே வேண்டாம் என்று சொல்வதுதான் நியாயம்.

நல்லவேளையாக, மாட்டின் உடலே இதற்கு வழி விட்டிருக்கிறது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 கிட்டத்தட்டப் போய்விடும். மாட்டை விற்க வேண்டாம், மருந்து வேண்டாம். அந்த மூன்று நான்கு நாளைக்குச் சங்கத்தின் கிடங்கிலிருந்து சோதித்த கலப்புத் தீவனத்தைக் கடனாகக் கொடுத்து, அந்தப் பாலுக்கான இழப்பை மாவட்டப் பால் ஒன்றியம் ஏற்றுக்கொண்டால், கோடு மங்கியதை உறுப்பினரே வந்து சொல்வார்.

எதிர்த் திசையில் நடந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012-இல் செர்பியாவில் வறட்சியால் மக்காச்சோளத்தில் பூசணம் ஏறி, 2013 தொடக்கத்தில் பாலில் எம்1 வரம்பு மீறியது. அரசு, ஐரோப்பிய அளவான 0.05-ஐ 0.5 ஆக உயர்த்தியது. பால் ஒரே இரவில் சட்டப்படி நல்ல பாலாகிவிட்டது. குடித்தவர்களின் ஈரலுக்கு அந்த அரசாணை போய்ச் சேர்ந்திருக்காது. அவர்கள் உயர்த்திக்கொண்ட வரம்புதான் நமக்கு இப்போது உள்ள வரம்பு என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரங்கநாதர் கோயிலில் தினமும் விடியலில் விஸ்வரூப சேவையின்போது பசு ஒன்றைச் சன்னதி முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பசுவுக்கு அவ்வளவு மரியாதை தரும் ஊரில், அது தின்னும் தீவனத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது அந்த மரியாதையின் பகுதிதான். கொட்டப்பட்டு ஆவின் பண்ணைக்கு வண்டி ஏறும் பாலில் ஒரு பகுதி இந்த நகரத்துக்கும் தீவுக்கும் வருகிறது. வாங்கிக் குடிப்பவர்களும் இதற்கான செலவில் பங்கு கொள்ளக் கடமைப்பட்டவர்கள். லிட்டருக்குச் சில பைசா கூடினால் அதை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கும் இந்த மடல் சொல்கிறது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஒன்றியத்திடம் கேட்க வேண்டியது மூன்று: வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் பொங்கல் வரை குளிர்விப்பு மையத் தொட்டிகளில் வாரம் இரு முறை பட்டைச் சோதனை, ஒன்றியம் வாங்கும் புண்ணாக்குக்கும் சோளத்துக்கும் லோடு வாரியாக பி1 சான்று, முடிவுகளைக் கொழுப்பு விவரம் எழுதும் அதே பலகையில் எழுதுவது. பட்டை வரும்வரை உறுப்பினர்கள் செய்யக்கூடியதும் உண்டு. புண்ணாக்கை மழைக்காலத்துக்கென்று மொத்தமாக வாங்கி அடுக்காமல் பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும் வாங்குவது, மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகைமேல் வைப்பது, உடைத்துப் பார்த்து உள்ளே பச்சையோ சாம்பலோ பூத்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது, சிட்டையை வாங்கி வைத்துக்கொள்வது. பின்னால் ஒரு லோடைத் தேடிப் போகும்போது அந்தச் சிட்டை தேவைப்படும்.